கையைத் தளர்த்தி வண்ணம் தீட்டுவது: எங்கள் ஞாயிறு வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து படம் வரைகிறோம். மாங்கூழ் ஆலையில் வேலை பார்க்கிற ஒரு பெண், லாரிக்கு போர்டு எழுதுகிற ஒரு பெயிண்டர், இரண்டு டீச்சர்கள், ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகள் நாலைந்து பேர், தர்மபுரியிலிருந்து பஸ் பிடித்து வருகிற ஒரு பெரியவர். புதிதாக வருகிற ஒவ்வொருவரும் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகப் பதில் சொன்னால் யாருக்கும் முழுதாகப் போய்ச் சேர்வதில்லை, அதனால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து எழுதி வைக்கிறேன்.

தளர்வாக வரைவது என்றால் என்ன சார்? கிறுக்குவதுதானே?

இல்லை. கிறுக்கும்போது கை கண்ணைக் கேட்காமல் ஓடுகிறது. தளர்வாக வரையும்போது கண் ரொம்ப நேரம் வேலை செய்கிறது, கை கொஞ்ச நேரம்தான். பார்த்து, பார்த்து, இன்னும் கொஞ்சம் பார்த்து, 'இந்த நிழல் இந்த அளவு, இந்த நிறம்' என்று மனசுக்குள் முடிவான பிறகு பிரஷ் நிறைய வண்ணம் எடுத்து ஒரே இழுப்பாக இழுத்துவிட்டு, அதற்குமேல் அதைத் தொடாமல் விட்டுவிடுவது. அந்த 'விட்டுவிடுவது' இருக்கிறதே, அதுதான் கஷ்டம், வகுப்பில் பாதி நேரம் அதற்கே போகிறது.

பர்கூர் பக்கம் மல்லப்பாடியில் பாறை ஓவியங்கள் இருக்கின்றன, நம்ம மாவட்டத்துக்காரர்களே பலர் பார்த்ததில்லை. வெள்ளை நிறத்தில், குதிரைமேல் ஆட்கள். கோடுகள் கொஞ்சம்தான். ஆனால் அது குதிரையா மாடா என்று யாருக்கும் சந்தேகம் வராது, அது ஓடுகிறது என்பதும் தெரிகிறது. அதை வரைந்தவருக்கு அழிக்க ரப்பர் கிடையாது, பாறை இரண்டாவது வாய்ப்பும் தராது. குதிரையை எத்தனை நாள் பார்த்திருந்தால் அத்தனை குறைவான கோட்டில் அது வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நாம் இங்கே கற்றுக்கொள்ள முயல்வது அதைத்தான், வண்ணத்தை வைத்து.

உடம்பு விஷயமாகச் சொன்னால், பிரஷ்ஷைப் பேனா மாதிரி நுனியில் பிடிக்காமல் கட்டையின் கடைசியில் பிடியுங்கள். விரல் அசைவது நின்று தோளிலிருந்து கை அசையும். முடிந்தால் நின்றுகொண்டு வரையுங்கள். முதல் நாள் எல்லாம் கோணலாகப் போகும், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

எனக்கு ஒரு நேர்க்கோடுகூட போட வராது. நான் வரலாமா?

தாராளமாக வரலாம். ஸ்கேல் எதற்கு இருக்கிறது! நேர்க்கோடு இந்த வகை ஓவியத்தில் அநேகமாகத் தேவையே படாது.

உண்மையைச் சொன்னால் நன்றாக வரையத் தெரிந்தவர்களுக்குத்தான் இது சிரமம். அரசு ஓவியத் தேர்வில் லோயர், ஹையர் இரண்டு நிலையும் முடித்து, ஃப்ரீஹேண்ட் அவுட்லைன், மாடல் டிராயிங் எல்லாம் சுத்தமாகப் போடுகிற ஒரு பெண் எங்களோடு வரைகிறார். அவுட்லைன் போடாமல் ஒரு சொம்பை வரையச் சொன்னபோது அரைமணி நேரம் வெள்ளைத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பயிற்சி வீண் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன், சொம்பின் வாய் எங்கே வளைகிறது என்று அவர் கண்ணுக்குத் தெரிகிறது, அது பெரிய சொத்து. ஆனால் கோட்டுக்குள் கலரை நிரப்புகிற பழக்கத்தை மட்டும் கொஞ்ச நாளைக்கு ஓரமாக வைக்க வேண்டியிருந்தது. மூன்று மாதம் ஆனது. இப்போது அவருடைய சொம்பில் ஒரு பக்க விளிம்பு சுவரின் நிழலோடு கரைந்தே போய்விடுகிறது, மறு பக்கம் மட்டும் பளிச்சென்று நிற்கிறது. நாம் நிஜத்திலும் அப்படித்தானே பார்க்கிறோம்?

என்னென்ன வாங்க வேண்டும்?

காசு இருந்தால் பேப்பரில் போடுங்கள். பிரஷ், கலர் எல்லாம் அப்புறம். சார்ட் பேப்பரிலும் பள்ளிக்கூட டிராயிங் நோட்டிலும் வாட்டர் கலர் போட்டால் தாள் சுருண்டு, நூல் நூலாகப் பிய்ந்து, 'எனக்கு வரவில்லை' என்று நீங்களே முடிவு கட்டிவிடுவீர்கள், தப்பு தாளில் இருக்கும். 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்கிற அளவு) என்று அட்டையில் போட்டிருக்கும் வாட்டர் கலர் பேப்பர் வாங்குங்கள், பெரிய தாளை நாலாக வெட்டி இரண்டு பக்கமும் வரையலாம்.

பிரஷ் இரண்டு போதும். 12 எண் ரவுண்டு ஒன்று, ஓர் அங்குலத் தட்டை பிரஷ் ஒன்று. சின்ன பிரஷ் வாங்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், கையில் இருந்தால் எடுக்கத்தான் தோன்றும், எடுத்தால் கண் இமை, இலை நரம்பு என்று ஆரம்பித்துவிடுவோம். கலர் கலக்குகிற பேலட்டுக்குப் பழைய பீங்கான் தட்டு. தண்ணீருக்கு இரண்டு டப்பா, ஒன்று பிரஷ் கழுவ, இன்னொன்று சுத்தத் தண்ணீர் எடுக்க. இந்த இரண்டாவது டப்பாவை யாரும் மதிப்பதில்லை, ஆனால் மஞ்சள் மஞ்சளாகவே இருப்பது அதனால்தான். ஒரு பழைய பருத்தி வேட்டித் துண்டு. அப்புறம் நம்ம ஊருக்கே உரிய ஒரு சாமான், பாலிஷ் போட்ட கிரானைட் பலகைத் துண்டு. வெட்டி மிஞ்சியதைக் கிரானைட் கடை ஓரமாகக் குவித்து வைத்திருப்பார்கள், கேட்டால் கொடுப்பார்கள். அது எதற்கு என்று வெயில் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

24 கலர் பெட்டி வாங்கலாமா?

வேண்டாம். ஆறு டியூப். மஞ்சளில் இரண்டு: எலுமிச்சை மஞ்சள் ஒன்று, சற்றே ஆரஞ்சு சாய்ந்த மஞ்சள் ஒன்று. சிவப்பில் இரண்டு: மிளகாய்ப்பழம் மாதிரி ஸ்கார்லெட் ஒன்று, பீட்ரூட் மாதிரி கிரிம்சன் ஒன்று. நீலத்தில் ஒன்று, அல்ட்ராமரைன். ஆறாவது பர்ன்ட் சியன்னா, செங்கல் நிறம். கறுப்பு வாங்க வேண்டாம், அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் கெட்டியாகக் கலந்தால் கறுப்பை ஒட்டிய ஒரு நிறம் வரும், நீலம் கூடினால் மழை மேகம், செங்கல் கூடினால் பனங்கட்டை. தண்ணீர் அதிகம் விட்டால் அழகான சாம்பல்.

பச்சையும் வாங்க வேண்டாம். இதற்குத்தான் எல்லோரும் முகம் சுளிக்கிறார்கள். பெட்டியில் வருகிற பச்சையை அப்படியே போட்டால் மாந்தோப்பு பிளாஸ்டிக் தோரணம் மாதிரி ஆகிவிடும். தோப்பில் ஒரு மரத்தை மட்டும் ஐந்து நிமிடம் பாருங்கள். முற்றிய இலையில் வானம் பட்டு நீலமாக மின்னுகிறது, வெயிலுக்கு எதிரே பார்க்கிற இலை மஞ்சளாக எரிகிறது, உள்கிளை நிழல் கிட்டத்தட்ட கருநீலம், தளிர் பச்சையே கிடையாது, செம்பு நிறம். எலுமிச்சை மஞ்சளோடு அல்ட்ராமரைன் ஒரு பச்சை, ஆரஞ்சு மஞ்சளோடு அதே நீலம் வேறொரு மங்கலான பச்சை, அதில் ஒரு சொட்டு பர்ன்ட் சியன்னா விழுந்தால் தூசி படிந்த ரோட்டோரப் புளியமரம். ஒரு தாள் முழுக்கக் கட்டம் கட்டமாக இப்படிக் கலந்து பார்த்துவிட்டு வாருங்கள், ஒரு சாயங்காலம் போதும்.

நான் கலக்கினால் மட்டும் ஏன் எப்போதும் சேறாகிறது?

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றும் ஒரே கலவையில் புகுந்துவிடுகின்றன. சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் பழுப்பு, ஆரஞ்சும் நீலமும் சேர்ந்தால் பழுப்பு அல்லது சாம்பல், மஞ்சளும் ஊதாவும் அப்படியே, ஏனென்றால் இந்த ஜோடிகள் ஒவ்வொன்றிலும் அந்த மூன்றும் ஒளிந்திருக்கின்றன. கழுவாத பிரஷ்ஷிலும் அழுக்குத் தண்ணீரிலும் நீங்கள் அறியாமல் இதுதான் நடக்கிறது. ஒரு கலவைக்கு இரண்டு டியூப், மிஞ்சிப்போனால் மூன்று, அதற்குமேல் போகாதீர்கள்.

இரண்டாவது, தட்டில் வைத்துக் கடைவது. கலரைப் பருப்பு மாதிரி மசிக்க வேண்டாம். மஞ்சளும் சிவப்பும் பாதி கலந்தும் கலக்காமலும் பிரஷ்ஷில் இருக்கும்போதே தாளில் வைத்தால் ஒரே இழுப்பில் இரண்டும் தெரியும், அதுதான் உயிர்.

மூன்றாவதுதான் பெரும்பாலும் நடப்பது. அரை ஈரத்தில் திரும்பப் போய்த் தொடுவது. தாள் நன்றாக நனைந்து பளபளவென்று இருக்கும்போது இன்னொரு கலரை விட்டால் அது அழகாகப் பரவும். முழுக்கக் காய்ந்த பிறகு மேலே போட்டால் அடியில் இருப்பது தெரிகிற மாதிரி கண்ணாடிபோல நிற்கும். இரண்டுக்கும் நடுவே, பளபளப்பு போய் ஆனால் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கிற ஒரு கட்டம் உண்டு, அப்போது ஈரப் பிரஷ்ஷோடு போனால் காலிஃபிளவர் மாதிரி ஓரம் விரிந்து, அதைச் சரிசெய்யத் தேய்த்து, அடிக்கலர் கிளம்பி, சேறு. புறங்கையைத் தாளில் லேசாக வைத்துப் பாருங்கள். குளிர்ச்சி தெரிந்தால் எழுந்து போய் டீ போடுங்கள்.

பாறை என்ன கலர் சார்? சாம்பலா, பழுப்பா?

இந்தக் கேள்வி கேட்கிறவர்களை நான் மாடி வடக்குச் சுவர் ஓரமாகக் கூட்டிக்கொண்டு போவேன், அங்கிருந்து கோட்டை மலை தெரியும்.

போன தை மாதம் ஒரு நாள் சாயங்காலம் நாலரை மணிக்கு அந்த மாங்கூழ் ஆலைப் பெண்ணும் நானும் அங்கே நின்றோம். அவர் 'சாம்பல்' என்றார். சரி, ஒரு வெள்ளைத் தாளில் சின்ன ஓட்டை போட்டு, அந்த ஓட்டை வழியாகப் பாறையின் ஒரு துண்டை மட்டும் பாருங்கள் என்றேன். சுற்றியிருப்பதெல்லாம் மறைந்துவிட்டால் 'பாறை' என்ற வார்த்தையும் மறைந்துவிடும், நிறம் மட்டும் மிஞ்சும். வெயில் பட்ட இடத்தை ஓட்டைக்குள் பிடித்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, 'பாப்பாவுக்குப் போடுற பவுடர் டப்பா மாதிரி ரோஸா இருக்கு' என்றார். நிழல் பக்கம் திருப்பச் சொன்னேன். 'இது கத்தரிப்பூ'. மழைத் தண்ணீர் வழிந்து வழிந்து மேலிருந்து கீழே இறங்கியிருக்கும் கறுப்புப் பட்டைகள் இருக்கின்றன அல்லவா, அதை அவர் கறுப்பு என்று சொல்லவில்லை. 'பச்சையும் நீலமும் கலந்த கரி' என்றார். பத்து நிமிடத்தில் மலைக்கு மூன்று நிறம் கிடைத்துவிட்டது, அதில் ஒன்றுகூட சாம்பல் இல்லை.

நிழல் ஏன் கத்தரிப்பூவாகத் தெரிகிறது என்று அடுத்த கேள்வி வரும். நேர்வெயில் படாத இடத்துக்கும் வெளிச்சம் வருகிறது, வானத்திலிருந்து. வானம் நீலம், அதனால் நிழலுக்குள் நீலம் இறங்குகிறது. சாயங்கால வெயில் ஆரஞ்சாக இருப்பதால் அதன் பக்கத்தில் அந்த நீலம் கண்ணுக்கு இன்னும் தூக்கலாகத் தெரியும். காலை பதினோரு மணிக்குப் போய் இதே ஓட்டையை வைத்துப் பாருங்கள், ரோஸ் போயிருக்கும். பாறைக்கு என்று ஒரே நிறம் கிடையாது, அந்த நேரத்து வெளிச்சத்தில் அது எப்படித் தெரிகிறதோ அதுதான் நமக்கு வேண்டும். அவர் அன்றைக்கு வரைந்த மலை எட்டே இழுப்பு. கோட்டைச் சுவரைப் போடவே இல்லை, மேல்விளிம்பில் பிரஷ் கொஞ்சம் தடுக்கிய இடம் சுவராகிவிட்டது, நான் அதைத் தொடவிடவில்லை.

அப்படியென்றால் பார்த்த நிறத்தைத்தான் போட வேண்டுமா? முகத்துக்குப் பச்சை போடுகிறார்களே?

போடலாம். ஆனால் முதலில் பார்க்கக் கற்றுக்கொண்டு அப்புறம் மாற்றினால் நன்றாக வரும்.

1905 கோடையில் மத்தீஸ், தெரேன் என்ற இரண்டு ஓவியர்கள் பிரான்சின் தெற்கே கோலியூர் என்ற மீன்பிடி ஊரில் தங்கி, மரத்துக்குச் சிவப்பு, தரைக்கு ரோஸ், கடலுக்குத் துண்டு துண்டாக ஆரஞ்சும் பச்சையும் என்று டியூபிலிருந்து எடுத்த கலரை அப்படியே வைத்தார்கள். அந்த இலையுதிர் காலத்தில் பாரிஸ் கண்காட்சியில் இவர்களும் நண்பர்களும் வரைந்ததைப் பார்த்த ஒரு விமர்சகர் 'காட்டு விலங்குகள்' என்று எழுதினார், அதுவே அந்தக் கூட்டத்துக்குப் பெயராக நின்றுவிட்டது. அதே ஆண்டு மத்தீஸ் தன் மனைவியை வரைந்த ஒரு படத்தில் நெற்றியிலிருந்து மூக்கு வழியாகப் பச்சைப் பட்டை ஒன்று இறங்குகிறது. முதலில் பார்க்கும்போது அதிர்ச்சிதான். கொஞ்சம் நின்று பார்த்தால் புரியும், முகத்தின் வெளிச்சப் பக்கத்தையும் நிழல் பக்கத்தையும் பிரிக்கிற இடத்தில் அந்தப் பட்டை சரியாக உட்கார்ந்திருக்கிறது. நிறத்தைத்தான் மாற்றினார், வெளுப்பு கறுப்பு அளவில் கை வைக்கவில்லை.

எந்த நிறத்தை வேண்டுமானாலும் மாற்றுங்கள், அது எவ்வளவு வெளுப்பு, எவ்வளவு கறுப்பு என்பதை மட்டும் காப்பாற்றுங்கள். சரிபார்க்க, உங்கள் படத்தைச் செல்போனில் எடுத்து கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். அப்போதும் மூக்கு மூக்காக நின்றால் பச்சை சரி. எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் எத்தனை கலர் போட்டும் பயன் இல்லை. வரையும்போதே பார்க்க வேண்டுமென்றால் கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள், விவரம் போய் வெளுப்பும் கறுப்பும் மட்டும் தெரியும்.

தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவர்கள் நாம். சிவப்பும் பச்சையுமாக அரிதாரம் பூசிக்கொண்டு ஒருவர் திரைக்குப் பின்னாலிருந்து வரும்போது 'மனுசன் தோல் இந்த நிறமா' என்று எந்த ஊரிலும் யாரும் கேட்டதில்லை. அந்த நிறம் அவர் யார் என்று சொல்கிறது, விடிய விடிய நம்பி உட்கார்ந்திருக்கிறோம். பச்சை முகத்துக்குப் பாரிஸ் வரை போய்ச் சான்று தேட வேண்டியதில்லை.

தட்டில் பளிச்சென்று இருந்த கலர் தாளில் ஏன் செத்துப்போகிறது?

பக்கத்தில் என்ன வைத்தீர்கள் என்று பாருங்கள். பூ மார்க்கெட்டில் கதம்பம் கட்டுகிறவரைக் கவனித்திருக்கிறீர்களா? கனகாம்பரத்தை மட்டும் வரிசையாகக் கட்டிக்கொண்டு போக மாட்டார். நாலு கனகாம்பரத்துக்கு இடையே ஒரு கொத்து மரிக்கொழுந்து. அந்தப் பச்சை வந்ததும் கனகாம்பரம் தீ மாதிரி எழும்பும். மஞ்சள் சாமந்தியை அதே கனகாம்பரத்துக்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் உறவுக்காரர்கள் மாதிரி அமைதியாக இருக்கும். ஒரு நிறத்துக்குப் பக்கத்தில் அதன் எதிர் நிறத்தை (சிவப்புக்குப் பச்சை மாதிரி) பார்க்கும்போது கண் இரண்டையும் தூக்கிக் காட்டுகிறது.

இதை ஆராய்ந்து எழுதியவர் செவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். பாரிஸில் கோப்லான் என்ற நெசவாலையில் சாயப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்பு நூலில் அழுத்தம் இல்லை என்று புகார் வந்தது. சாயத்தைச் சோதித்தால் சாயத்தில் குறை இல்லை, பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை வெளிறச் செய்தன. 1839-இல் இதைப் பெரிய நூலாக வெளியிட்டார். புடவைக் கடையில் 'கடைக்கு வெளியே வெளிச்சத்தில் காட்டுங்க, இந்த ஜாக்கெட்டோட வச்சுக் காட்டுங்க' என்று நம்ம வீட்டுப் பெண்கள் கேட்பதும் இதே விஷயம்தான்.

அதனால் சிவப்பு போதவில்லை என்று தோன்றினால் இன்னும் சிவப்பைப் போடாதீர்கள். பக்கத்தில் இருப்பதைக் கொஞ்சம் பச்சைச் சாம்பலாக மங்க விடுங்கள். படம் முழுக்க எல்லாக் கலரும் கத்தினால் ஒன்றும் கேட்காது, முக்கால்வாசி மங்கலாக இருந்தால்தான் அந்த ஒரு துளி சிவப்பு பேசும்.

சித்திரை வெயிலில் பிரஷ் எடுப்பதற்குள் காய்ந்துவிடுகிறதே?

காயும். கிரானைட் பலகை இதற்குத்தான். தாளின் இரண்டு பக்கத்தையும் நன்றாக நனைத்து, பாலிஷ் பக்கத்தில் அப்படியே ஒட்டவிடுங்கள், காற்றுக் குமிழ் இல்லாமல் கையால் நீவிவிடுங்கள். கல் தண்ணீரை உறிஞ்சாது, அதனால் அடியில் இருக்கிற ஈரம் மேலே வந்துகொண்டே இருக்கும், வெறும் அட்டையில் கிடைப்பதைவிட நல்ல நேரம் கூடுதலாகக் கிடைக்கும். பலகையை முதலிலேயே நிழலில் வைத்துக் குளிரவிடுங்கள், வெயிலில் கிடந்த கல்லில் தாளை ஒட்டினால் தோசைக்கல்தான். பங்குனி, சித்திரை, வைகாசியில் காலை ஆறரைக்கே தொடங்கி ஒன்பதுக்குள் முடித்துவிடுகிறோம்.

இன்னொரு விஷயம், வாட்டர் கலர் காய்ந்தால் வெளிறும், ஈரத்தில் கொஞ்சம் அதிகமாகத் தெரிகிற மாதிரி போட்டால் காய்ந்ததும் சரியாக இருக்கும். அக்ரிலிக் நேர்மாறு, காய்ந்தால் ஒரு படி கறுக்கும். அக்ரிலிக் காய்ந்தபின் தண்ணீரில் கரையாது என்பதால் பிரஷ்ஷைத் தண்ணீரிலேயே போட்டு வையுங்கள், இந்த வெயிலில் பத்து நிமிடம் மறந்தால் பிரஷ் கட்டைதான். லாரி பெயிண்டர் அண்ணன் அக்ரிலிக்தான் வரைகிறார், எனாமல் பழகிய கைக்கு அது சுலபமாக வந்துவிட்டது. போஸ்டர் கலர் காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் கரைந்து மேலே வரும், அதில் ஒன்றின்மேல் ஒன்று போடுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

படம் முடிந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

நான் கெடுத்த ஒரு படத்தைச் சொல்கிறேன். கிருஷ்ணகிரி அணையில், தண்ணீர் ஓரளவு நிறைந்திருந்த ஒரு கார்த்திகை மாதக் காலை. தூரத்துக் குன்றுகளை நீலச் சாம்பலில் ஒரே வாஷாக, அதாவது தண்ணீர்விட்ட கலரை ஒரே பரப்பாக, விட்டேன், தண்ணீருக்கு நடுவில் தாளை வெள்ளையாகவே விட்டேன், கரையில் நின்ற ஒரு பரிசலைக் கறுப்பாக ஒரே வளைவு. இருபது நிமிடம் ஆகியிருக்கும். ஈரம் தாளில் மினுங்க அந்த வெள்ளை நிஜமாகவே தண்ணீராக இருந்தது. அப்போதே எழுந்திருக்க வேண்டும். பக்கத்தில் வந்து நின்ற ஒருவர், பாவம், அன்பாகத்தான் கேட்டார், 'தண்ணியில அலை போடலையா சார்?' என்று. போட்டேன். ஒரு அலை போட்டதும் இன்னொன்று வேண்டியிருந்தது. பரிசலுக்குக் கயிறு. கயிற்றுக்கு முளை. அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால் எல்லாம் இருந்தது, தண்ணீர் மட்டும் இல்லை. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன், புதிதாக வருகிறவர்களுக்குக் காட்ட.

அதிலிருந்து நான் பின்பற்றுவது: 'அடுத்து என்ன சேர்க்கலாம்' என்ற கேள்வி வந்தவுடன் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிடுவது. 'இங்கே ஒரு கறுப்பு வேண்டும்' என்று குறிப்பாகத் தோன்றினால் போடலாம், அது தேவை. 'என்ன சேர்க்கலாம்' என்பது கையின் அரிப்பு. படத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பத்தடி தள்ளிப் போய்த் திரும்பிப் பாருங்கள், முடிந்தால் மறுநாள் காலையில் பாருங்கள்.

போட்டோவைப் பார்த்து வரையலாமா?

மழை நாளில் வரையலாம். ஆனால் செல்போன் கேமரா நிழலைக் கறுப்பாக மூடிவிடும், இல்லாவிட்டால் வானத்தை வெள்ளையாக எரித்துவிடும், அந்தக் கத்தரிப்பூ அதில் இருக்காது. முதல் ஆறு மாதம் நேரில் பாருங்கள், வீட்டில் இருக்கிற வெங்காயம், சொம்பு, ஜன்னல் போதும்.

என் பையன் வானத்துக்கு மஞ்சள் அடிக்கிறான், திருத்த வேண்டுமா?

வேண்டாம் அம்மா. அவன் எந்த வானத்தைப் பார்த்தான் என்று கேளுங்கள். காரிமங்கலத்திலிருந்து வருகிற ஒரு ஆறு வயதுப் பையனிடம் அவன் பாட்டி இதைக் கேட்டார், 'புழுதிக் காத்து அடிச்சப்ப' என்றான். சரியாகத்தான் போட்டிருந்தான். பத்து வயசுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளுக்கு நான் ஒன்றும் சொல்லித்தருவதில்லை, பெரிய தாளும் பெரிய பிரஷ்ஷும் கொடுத்து ஓரமாக உட்காரவைக்கிறேன், அவர்களைப் பார்த்துப் பெரியவர்கள்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

எனக்கு 59 வயது, அடுத்த வருடம் ரிட்டயர்மெண்ட். இனிமேல் கை வருமா?

ரவீந்திரநாத் தாகூர் முழுமூச்சாக ஓவியத்தில் இறங்கியது அறுபது வயதைத் தாண்டித்தான். 1930-இல் பாரிஸில் அவருடைய படங்களைக் காட்சிக்கு வைத்தபோது வயது 69 நெருங்கிக்கொண்டிருந்தது. கையெழுத்துப் பிரதியில் அடித்துத் திருத்திய இடங்களை ஒன்றோடொன்று இணைத்து உருவமாக்கியதிலிருந்து அவருக்கு அது வந்தது. 'சித்திரமும் கைப்பழக்கம்' என்று சொல்லிச் சொல்லி நாம் கண்ணை மறந்துவிட்டோம். 59 வருடம் பார்த்த கண் உங்களிடம் இருக்கிறது, கையை ஆறு மாதத்தில் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம்.

நம்ம பக்கம் யாருடைய படங்களைப் பார்க்க வேண்டும்?

ஆதிமூலம். கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்களால்தான் முதலில் எல்லோருக்கும் தெரியவந்தார், காந்தியை அத்தனை விதமாக வரைந்திருக்கிறார், அப்புறம் முழுக்க வண்ணத்துக்குப் போய்விட்டார். அந்தக் கோடுகளையும் பின்னால் வந்த வண்ணப் பரப்புகளையும் அடுத்தடுத்துப் பாருங்கள், கோடு தெரிந்த கை கோட்டை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று தெரியும். அச்சுதன் கூடல்லூர், கேரளத்தில் பிறந்து சென்னையில் வாழ்ந்தவர், பொறியாளர் வேலை பார்த்துக்கொண்டே ஓவியம் பழகியவர், வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்கிற பெயர் அவருடையது. அவருடைய சிவப்பு ஒன்றுக்குள் எத்தனை சிவப்பு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். சென்னை போனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சோழமண்டலத்துக்குப் போய்விட்டு வாருங்கள், 1966-இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து உருவாக்கிய ஓவியர் கிராமம், அங்கே காட்சிக்கூடமும் இருக்கிறது. செல்போனில் பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள், வண்ணத்தின் தடிமன் அதில் தெரியாது.

தினமும் எவ்வளவு நேரம் பழக வேண்டும்?

பதினைந்து நிமிடம். ஒரே பொருளை ஏழு நாள் வரையுங்கள், நேரத்தைக் குறைத்துக்கொண்டே போங்கள். முதல் நாள் பதினைந்து நிமிடம், ஏழாவது நாள் மூன்று நிமிடம். ஏழையும் தரையில் வரிசையாக வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஐந்தாவது அல்லது ஆறாவதுதான் நன்றாக இருக்கும், இழுப்புகளை எண்ணினால் பதினைந்துக்குள் இருக்கும்.

முதல் நாள் என்ன கொண்டு வர வேண்டும்?

மேலே சொன்ன சாமான்கள், ஒரு தொப்பி, குடிக்கத் தண்ணீர். மாம்பழக் காலமாக இருந்தால் ஒரு செந்தூரா பழம், கழுவாமல், துடைக்காமல், காம்போடு. மேல்தோலில் இருக்கிற அந்த வெள்ளைப் பூச்சு வெளிச்சத்தை நீலமாகக் காட்டும், கழுவிவிட்டால் போய்விடும். சிவப்பை ஈரத்தாளில் பழத்தின் தோள்பட்டை வருகிற இடத்தில் விட்டு, கீழே மஞ்சளை விட்டு, இரண்டும் தானாகச் சந்திக்கிற இடத்தை நாம் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கப் போகிறோம், பிரஷ் வைக்காமல். காம்பு ஏன் வேண்டும் என்றால் அதன் நிழல் பழத்தின் தோளில் விழும். அந்தச் சின்னக் கறுப்பைத்தான் கடைசியில் வைப்போம்.